முழு உடல் பேக்கேஜா, வயதுக்கேற்ற பரிசோதனையா? பெரியவர்களுக்கான சோதனைகளும் தடுப்பூசிகளும்: ஓர் ஒப்பீடு

நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது அளவுகளைப் பார்த்தால், குறைந்தது ஒன்றாவது சிவப்பு எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். இதில் ஆய்வகத்தின் பிழை எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் ‘இயல்பு அளவு’ என்று அச்சாகும் எல்லையே, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வரும்படி வகுக்கப்பட்டது. மீதி 5 சதவீதம் பேர் எந்த நோயும் இல்லாமலே வெளியே விழுவார்கள். அறுபது, எழுபது அளவுகள் கொண்ட பேக்கேஜில் எல்லாம் இயல்பாக வந்தால்தான் வியக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு எழுத்து அதோடு நிற்காது. மறுபரிசோதனை, ஸ்கேன், சில நேரம் ஊசி வைத்துத் திசு எடுப்பது வரை இழுத்துக்கொண்டு போகும். போகட்டும், உயிராவது காப்பாற்றப்படுகிறதா? பொதுவான உடல்நலச் சோதனைகளைப் பற்றிய 17 ஆய்வுகளை, இரண்டரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் சர்வதேச அமைப்பு) ஆய்வு 2019இல் புதுப்பிக்கப்பட்டது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடமும் அழைக்கப்படாதவர்களிடமும் மொத்த இறப்பில் வித்தியாசம் தென்படவில்லை. புற்றுநோய் இறப்பிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, சோதனையே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. ரத்த அழுத்தம், பெருங்குடல் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் முன்கூட்டிப் பார்ப்பது பலன் தரும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய அளவுகோல்கள் இன்றும் செல்லுபடியாகும். அவற்றின் சாரத்தைக் குடும்ப மருத்துவரிடம் ஒரே கேள்வியாகக் கேட்டுவிடலாம்: “இது பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து என்ன செய்வோம், அதனால் எனக்கு என்ன நன்மை?” இதற்குத் தெளிவான பதில் இல்லாத சோதனையை விட்டுவிடுங்கள்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு சி.இ.ஏ, சி.ஏ-125 போன்ற ‘கேன்சர் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனைகள் இந்தக் கேள்வியில் தேறுவதில்லை. நுரையீரல் புற்றுநோயைத் தேடும் மார்பு எக்ஸ்ரேயும் தேறுவதில்லை. மாறாக, பேக்கேஜுகள் பலவற்றில் மலப்பரிசோதனை இருக்காது. தடுப்பூசி அட்டையை யாரும் கேட்கவே மாட்டார்கள். பேக்கேஜ் வழியாக மட்டுமே மருத்துவமனைப் பக்கம் வரக்கூடியவர் என்றால் அதையே எடுக்கட்டும். ஆனால் ரிப்போர்ட்டோடு ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேசுவதும் அதில் அடங்கியிருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் எங்கள் பரிந்துரை, வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்பத் தேர்ந்த சில சோதனைகள்தான். கீழே சொல்லும் வயது வரம்புகள் நாட்டுக்கு நாடு சற்று மாறும்.

ரத்த அழுத்தம்: மருத்துவமனையிலா, வீட்டிலா?

மருத்துவமனையில் ஒரே தடவை பார்த்த அளவை வைத்து மாத்திரை தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அளப்பதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் எண்ணை உயர்த்தியே காட்டும். கையில் கட்டும் பட்டை சிறியதாக இருப்பது, தொங்கும் கை, குறுக்கே போட்ட கால், அடக்கிக்கொண்ட சிறுநீர், அளக்கும்போது பேச்சு என எல்லாமே அப்படித்தான். மருத்துவரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அழுத்தம் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். மருத்துவமனையில் இயல்பாகவும் வீட்டில் உயர்வாகவும் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒருமுறை பார்ப்பதில் தப்பிவிடும் இவர்கள்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள்.

ஆகவே உயர்வாக வந்தால், உடனடி ஆபத்தான அளவாக இல்லாதவரை, வீட்டில் அளந்து உறுதிசெய்வது நல்லது. மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவியை வாங்குங்கள்; மணிக்கட்டுக் கருவி கையின் நிலை சற்று மாறினாலே தடுமாறும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை இதய உயரத்தில் மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, இடையில் ஒரு நிமிட இடைவெளி. இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். மருத்துவமனையில் எல்லை 140/90. வீட்டுச் சராசரிக்கு 135/85. வீட்டில் 137/86 வந்தவர் “140க்குக் கீழேதானே” என்று நிம்மதி அடைய முடியாது.

24 மணி நேரக் கருவி இவற்றைவிடத் துல்லியமானது. இரவில் அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் காட்டும். ஆனால் தூக்கத்திலும் கையை இறுக்கும். எல்லா இடத்திலும் கிடைக்காது. வீட்டு அளவும் மருத்துவமனை அளவும் முரண்படும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.

சர்க்கரை: மூன்று வழிகள், மூன்று விதமான குறைகள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல், சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல்: மூன்றில் எதைக் கொண்டும் நீரிழிவு என்று சொல்லலாம். அறிகுறி இல்லாதவருக்கு இரண்டாவது முறை உறுதிசெய்த பிறகே சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றுச் சோதனை எளிது, மலிவு. குறை, ரத்தம் எடுத்த பிறகு வருகிறது. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கும். 128 இருந்தவரின் குழாய் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் 120 என்று வந்துவிடும். நீரிழிவு ‘எல்லைக்கோடு’ ஆகிவிடும். ரத்தம் எடுக்கும் இடத்திலேயே ஆய்வகமும் இருந்தால் இந்தக் கவலை குறைவு.

ஹெச்பிஏ1சிக்குப் பட்டினி தேவையில்லை. இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால் முந்தின நாள் கட்டுப்பாடு அதை ஏமாற்றாது. அது சிவப்பணுவின் ஆயுளைச் சார்ந்தது என்பதில்தான் சிக்கல். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் சர்க்கரை உயராமலே இந்த எண் உயரும். அண்மையில் ரத்தம் இழந்தவர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிவப்பணு சீக்கிரம் சிதையும் நோயுள்ளவர்கள் ஆகியோருக்குத் தாழ்வாகக் காட்டும். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் பெண்ணிடம் 6.6 என்று வந்தால், நீரிழிவு மாத்திரை எழுதுவதற்கு முன்பு வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்ப்பதே முறை.

குளுக்கோஸ் குடிக்கும் சோதனை மற்ற இரண்டும் தவறவிடுபவர்களையும் பிடிக்கும். விலை இரண்டு மணி நேரம். முந்தைய மூன்று நாள் சோற்றையோ ரொட்டியையோ குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட்டிருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் நடக்கவோ புகைக்கவோ கூடாது. கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்தில் இதைத்தான் செய்ய வேண்டும். அந்த வாரங்களில் ஹெச்பிஏ1சி நம்பத்தக்கதல்ல.

இரண்டு சோதனைகள் முரண்பட்டால், எல்லையைத் தாண்டிய சோதனையையே திரும்பச் செய்ய வேண்டும். நல்ல எண் கொடுத்த சோதனையை மறுபடி செய்து ஆறுதல் தேடுவதில் பொருளில்லை.

பெருங்குடல்: மலப்பரிசோதனையா, கொலனோஸ்கோபியா?

மக்கள் அதிகம் தள்ளிப்போடும் சோதனை இது. 45 அல்லது 50 வயதில் தொடங்கி 75 வரை செய்ய வேண்டியது. இங்கே ‘எது துல்லியமானது’ என்ற கேள்வியைவிட ‘எதை நீங்கள் கடைசிவரை செய்வீர்கள்’ என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம்.

கொலனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியே கேமரா குழாயைச் செலுத்திப் பார்ப்பது. குடல் சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு கட்டியைக் கண்ணால் பார்க்கும், அப்போதே அகற்றும். இயல்பாக இருந்தால் பத்து ஆண்டுக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் முந்தின நாள் திரவ உணவு, பேதி மருந்து, மயக்க மருந்து, அழைத்துப்போக ஒரு துணை, ஒரு நாள் வேலை எல்லாம் வேண்டும். குடலில் ஓட்டை விழும் ஆபத்து பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்று. ரத்தக்கசிவு அதைவிடக் கூடுதல்.

ஃபிட் எனப்படும் மலப்பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தைத் தேடுவது. பழைய மலப்பரிசோதனைக்குச் சொன்ன இறைச்சி, வைட்டமின் சி கட்டுப்பாடு எதுவும் இதற்கு இல்லை. ஒரே தடவை செய்தால் இருக்கும் புற்றுநோய்களில் நான்கில் மூன்றைப் பிடிக்கும். பெரிய பாலிப்புகளில் கால்வாசியைத்தான் பிடிக்கும். ஆகவே ஆண்டுதோறும் அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டே இருந்தால்தான் இதன் பலன் சேரும்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வின் பத்தாண்டு முடிவு 2025இல் வெளிவந்தது. ஒரு குழுவை ஒருமுறை கொலனோஸ்கோபிக்கும், இன்னொரு குழுவை இரண்டாண்டுக்கு ஒருமுறை ஃபிட்டுக்கும் அழைத்தார்கள். பெருங்குடல் புற்றுநோய் இறப்பு முதல் குழுவில் 0.22 சதவீதம், இரண்டாவதில் 0.24 சதவீதம், கிட்டத்தட்ட சமம். சோதனைக்கு வந்தவர்களோ முதல் குழுவில் 32 சதவீதம், ஃபிட் குழுவில் 40 சதவீதம். கூர்மையில் பின்தங்கிய சோதனை, செய்ய ஆள் வந்ததால் ஈடுகொடுத்தது.

ஃபிட் கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில்தான். மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழுவதற்கு முன்பே காகிதத்தின் மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். குச்சியின் வரிப்பள்ளங்கள் நிறையும் அளவுக்கு மேற்பரப்பில் பல இடங்களில் தொட்டு எடுத்தால் போதும். அள்ளி அடைத்தால் அளவு தப்பாகும். குழாயில் தேதி எழுதாததால் நிராகரிக்கப்படும் மாதிரிகள் ஏராளம். வெயிலில் ஹீமோகுளோபின் சிதைந்து, இருக்கும் ரத்தமே தெரியாமல் போகலாம்; ஆகவே குளிர்ப்பெட்டியில் வைத்து, கையேட்டில் சொன்ன நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களிலும் மூலத்தில் ரத்தம் வரும்போதும் எடுக்க வேண்டாம்.

இதில் தாங்கிக்கொள்ளவே முடியாத தவறு ஒன்று உண்டு. ஃபிட் பாசிட்டிவ் ஆனதும் “மூலமாக இருக்கும்” என்று இன்னொரு ஃபிட் செய்து, அது நெகட்டிவ் ஆனதும் விட்டுவிடுவது. பாசிட்டிவ் என்றால் அடுத்தது கொலனோஸ்கோபிதான். அதற்குப் போக மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர் ஃபிட் செய்வதில் பலன் இல்லை. இதை மருத்துவர் முன்பே பேசிவிட வேண்டும்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது 60 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் ஃபிட் போதாது. 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி. கண்ணுக்குத் தெரியும் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு இருப்பவருக்கு ‘ஸ்கிரீனிங்’ (அறிகுறி இல்லாதவருக்கான சோதனை) என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் நோயறியும் சோதனைக்கு நேராகப் போக வேண்டியவர்.

கொலனோஸ்கோபியைத் தேர்ந்தவர்கள் பேதி மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிக்க வேண்டும்: பாதி முந்தின மாலை, பாதி சோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பு. முழுவதையும் மாலையிலேயே குடித்துவிட்டால் இரவில் சுரக்கும் திரவம் குடலின் வலப்பக்கத்தை மூடிவிடும். தட்டையான பாலிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இன்சுலின் எடுப்பவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பை வாய்: ஹெச்பிவி, பாப், அசிட்டிக் அமிலம்

கையில் கிடைக்குமென்றால் 30 வயதுக்கு மேல் ஹெச்பிவி சோதனையே முதல் தேர்வு. பாப் ஸ்மியர் மாறிப்போன செல்லைத் தேடுகிறது. ஹெச்பிவி சோதனை அந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸையே தேடுகிறது. அதனால் நெகட்டிவ் வந்தால் ஐந்து ஆண்டு நிம்மதி. பாப்புக்கு மூன்று ஆண்டுதான். பாப்பில் சறுக்க இடமும் அதிகம்: கண்ணாடியில் தடவியது நிலைநிறுத்தும் திரவத்தில் போகுமுன் காய்ந்தாலோ, ரத்தம் அதிகம் கலந்தாலோ படிக்க முடியாது.

ஹெச்பிவி மாதிரியைப் பெண் தானே எடுக்கலாம் என்பது பெரிய வசதி. கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை இதுவே உள்ளே கொண்டுவரும். அந்த மாதிரியில் பாப் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 16, 18 வகை வந்தால் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கி வழியே கருப்பை வாயைப் பார்ப்பது. வேறு வகை வந்தால் பாப்புக்காக மறுபடி வர வேண்டும். பாசிட்டிவ் என்பது புற்றுநோய் அல்ல; பெரும்பாலான தொற்று இரண்டு ஆண்டுக்குள் தானே போய்விடும்.

ஆய்வகமே எட்டாத இடத்தில், 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்து வெள்ளைத் திட்டைப் பார்க்கும் முறை இன்னும் உயிர்காக்கும். முடிவும் சிகிச்சையும் அன்றே முடிந்துவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பார்க்க வேண்டிய, செல் மாற்றம் தொடங்கும் எல்லைக்கோடு கருப்பை வாயின் உள்ளே போயிருக்கும்.

ஹெச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் சோதனை உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்பகத்தின் எக்ஸ்ரேயான மேமோகிராம் 40 அல்லது 50 வயதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை. அடர்த்தியான மார்பகம் என்று ரிப்போர்ட் சொன்னால் அல்ட்ராசவுண்டும் சேர்க்கலாமா என்று கேளுங்கள், அதை மட்டும் செய்து மேமோகிராமை விட்டுவிடாதீர்கள். ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ ரத்தச் சோதனை 55 முதல் 69 வரை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரை எடுப்பவருக்கு எண் ஏறத்தாழப் பாதியாகக் காட்டும் என்பதை மறந்தால் ஏமாற்றிவிடும். நீண்டநாள் அதிகம் புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைத் தேட ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி.

தடுப்பூசிகளில் தேர்வு

அக்கிக்கு இரண்டு வகைத் தடுப்பூசி உண்டு. வீரியம் குறைத்த வைரஸ் கொண்ட பழைய உயிருள்ள தடுப்பூசி ஒரே ஊசி. அக்கியைப் பாதியளவே தடுத்தது, 70 வயதுக்கு மேல் இன்னும் குறைவு, ஆண்டுகள் போகப்போகத் தேய்ந்தது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குப் போடவே கூடாது. வைரஸின் ஒரு புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கிச் செய்த புதிய மறுசேர்க்கைத் தடுப்பூசி இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். ஆய்வுகளில் 50 முதல் 69 வயதில் 97 சதவீதமும், 70க்கு மேல் 90 சதவீத அளவிலும் தடுத்தது. உயிரில்லாதது என்பதால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் போடலாம். இரண்டும் கிடைத்தால் புதியதையே போடுங்கள். கைவலி, உடம்புவலி, காய்ச்சல் ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும். இதை முன்பே சொல்லாததால்தான் பலர் இரண்டாவது ஊசிக்கு வருவதில்லை. மறுநாள் முக்கியமான வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தாண்டிவிட்டாலும் இரண்டாவதை மட்டும் போட்டால் போதும். முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கான நிமோகாக்கல் தடுப்பூசியில் குழப்பம் அதிகம். கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு இணைத்துச் செய்த இணைப்பு வகையில் 20 அல்லது 21 வகைக் கிருமிகளைக் கொண்டது ஒரே ஊசியோடு முடியும். 15 வகை கொண்டதைப் போட்டால் ஓராண்டு கழித்து 23 வகைப் பாலிசாக்கரைடு (சர்க்கரை உறை மட்டும் உள்ள) ஊசியும் வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அந்த இடைவெளி எட்டு வாரமாகக் குறையும். 23 என்ற எண்ணைப் பார்த்து அதுவே சிறந்தது என்று நினைக்க வேண்டாம். பாலிசாக்கரைடு மட்டும் உள்ள ஊசி கிருமியை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பாற்றல் செல்களை உருவாக்காது. சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதை முதலில் போட்டுவிட்டவர் இணைப்பு வகைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். வரிசையில் இணைப்பு வகைதான் முதலில்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உயர் அளவு ஃப்ளூ ஊசியில் ஒவ்வொரு வகைக்கும் 60 மைக்ரோகிராம். சாதாரண ஊசியில் 15. உயர் அளவு கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருந்து பருவத்தைத் தவறவிடாதீர்கள், இருப்பதைப் போடுங்கள். பலன் தொடங்க இரண்டு வாரம் ஆகும். காயத்துக்கு டெட்டனஸ் மட்டும் உள்ள ஊசிக்குப் பதில் டிப்தீரியாவும் சேர்ந்ததைக் கேளுங்கள். குத்துவது ஒன்றுதான், பாதுகாப்பு இரண்டு.

சோதனையும் ஊசியும் ஒரே நாளில் அமைந்தால் வரிசை முக்கியம். ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனைக்கான ரத்தத்தை ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு இரண்டரை வாரம் வரை அந்த ஊசியின் புரதமே தொற்று இருப்பதுபோல் காட்டக்கூடும். ரிசல்ட்டுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு தேவையென்றால் ஒரே நாளில், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளியில். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடங்கப்போகிறவர் உயிருள்ளவற்றை நான்கு வாரம் முன்பே முடித்திருக்க வேண்டும். உயிரில்லாதவற்றுக்கு இரண்டு வாரம் போதும். மேமோகிராமுக்குப் போகும்போது எந்தக் கையில் என்றைக்கு ஊசி போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பக்க அக்குளில் வீங்கிய நெறிக்கட்டியைப் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படாமல் இருக்கலாம்.

பெரியவர்களுக்கான ஊசியை மேல்கைத் தசையில், தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே போட வேண்டும். அதற்கு மேலே போனால் மூட்டுப்பை புண்பட்டு மாதக்கணக்கில் தோள் வலிக்கும். ஹெபடைடிஸ் பி ஊசியைப் புட்டத்தில் போட்டால் எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாது. போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். கிளம்பும்முன் தடுப்பூசியின் பெயர், லாட் எண், தேதி, அடுத்த ஊசிக்கான தேதி நான்கையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். ‘நிமோனியா ஊசி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்து வரும் மருத்துவரால் 20 வகையா, 23 வகையா என்று கண்டுபிடிக்க முடியாது.